கிருமிநாசினியால் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பரவுமா?

ஆய்வக மாணவி:
முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். கிருமிநாசினிகள் ஒரே சமயத்தில் செல்லின் பல இடங்களைத் தாக்குவதால், அவற்றுக்கு எதிர்ப்பு உருவாவது கடினம் என்றே பாடத்தில் படித்தோம். ஆனால் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகள் சில, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்கள் பரவுவதற்கே கிருமிநாசினிகள் துணைபோகின்றன என்கின்றன. மருந்தே இல்லாத இடத்தில், தரை துடைக்கும் திரவம் ஒன்று மருந்து எதிர்ப்பை எப்படி வளர்க்கும்? பாட்டிலில் உள்ள செறிவு பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்றால், இது வெறும் ஆய்வகக் கவலைதானே?

பிளாஸ்மிட் வாசகர்:
பாட்டிலில் உள்ள செறிவைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். கவலை அங்கே இல்லை. பென்சல்கோனியம் குளோரைடு போன்ற நான்கிணைய அம்மோனியம் சேர்மங்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், துடைத்த பரப்பிலும் கழிவுநீர்ச் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு நீண்ட காலம் தங்கிவிடுகின்றன. அந்த மிச்ச அளவில் பாக்டீரியா சாவதில்லை. ஆனால் அதைச் செல்லுக்கு வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு வைத்திருக்கும் செல், பம்பு இல்லாத செல்லைவிடச் சற்று வேகமாகப் பெருகும்.

அந்தப் பம்புக்கான மரபணு தனியாக வருவதில்லை என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு விடை. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் கியூஏசி-ஏ என்ற பம்பு மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்கள் (செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையங்கள்) சிலவற்றில் ஜென்டமைசின், டிரைமெத்தோபிரிம் ஆகியவற்றுக்கான எதிர்ப்பு மரபணுக்களும் இருக்கின்றன. ஒரே டிக்கெட்டில் குடும்பமே பயணம் செய்வதைப் போல, கிருமிநாசினி ஒரு மரபணுவைக் காப்பாற்றினால் மற்றவையும் கூடவே பிழைக்கின்றன. இன்னொரு வழியில் பிளாஸ்மிட்டே தேவைப்படாது. சூடோமோனாஸ் பாக்டீரியாவின் மெக்ஸ்-ஏபி போன்ற பம்புகள் கிருமிநாசினியையும் பல வகை ஆன்டிபயாடிக்குகளையும் வெளியேற்றக்கூடியவை. அவை அதிகமாக உருவாக, அவற்றின் கட்டுப்பாட்டு மரபணுவில் ஏற்படும் ஒரு சடுதிமாற்றமே போதும்.

பாடத்தில் உள்ள ‘பல இடங்களைத் தாக்கும்’ என்ற விதியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டிரைக்ளோசான் குறைந்த செறிவில் கொழுப்பு அமிலத் தயாரிப்பில் ஈடுபடும் ஃபேப்-ஐ என்ற ஒரே நொதியைத் தடுக்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 சேர்மங்களைக் கொண்ட சோப்புகளைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என முடிவெடுத்தது. பென்சல்கோனியம் குளோரைடு குறித்த முடிவை அப்போது தள்ளிவைத்தது.

ஐயம் கொள்பவர்:
மேலே சொன்ன இயங்குமுறையை மறுக்கவில்லை. ஆனால் அதற்கான சான்றாகக் காட்டப்படுவதில் பாதியை நான் ஏற்பதில்லை. கழிவுநீர் ஆய்வுகளில் மிகுதியாகக் காணப்படும் கியூஏசி-இ-டெல்டா1 மரபணு, எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துக்கொள்ளும் டி.என்.ஏ. அமைப்புகளான முதல் வகை இன்டகிரான்களில், சல்ஃபா மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுவான சல்1-க்கு முன்னால் வால் வெட்டப்பட்டு நிற்கும் ஒன்று. அதன் பம்பு வேலை வலுவற்றது. நான்கிணையச் சேர்மங்கள் 1930-களிலேயே பயன்பாட்டுக்கு வந்ததால், முழுமையான மூல மரபணு அந்த இன்டகிரான்கள் பரவத் தொடக்கத்தில் உதவியிருக்கலாம் என்ற வாதம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. அதற்காக, இன்றைய மாதிரியில் அந்த எச்சம் இருப்பதை மட்டும் வைத்து, இன்றைய கிருமிநாசினிதான் அதைத் தேர்ந்தெடுத்தது என்று எழுதுவது தாவல். கிருமிநாசினி அதிகம் ஊற்றப்படும் மருத்துவமனையில்தான் ஆன்டிபயாடிக்கும் அதிகம் கொடுக்கப்படுகிறது. இரண்டின் விளைவையும் அங்கே எப்படிப் பிரிப்பீர்கள்?

ஆய்வக மாணவி:
இருவருக்கும் நன்றி. எதிர்ப்புள்ள செல்கள் தேர்ந்தெடுக்கப்படுவது புரிகிறது. ஆனால் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்வதே அதிகரிக்கும் என்கிறார்களே, குளோரினுக்கும் அது பொருந்துமா?

நீர்ச் சுத்திகரிப்புப் பொறியாளர்:
பொருந்தும், இரண்டு வழிகளில். கொல்லாத அளவு குளோரின் செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தூண்டி, சவ்வின் ஊடுருவுதன்மையைக் கூட்டுகிறது, டி.என்.ஏ. சேதத்துக்கு எதிரான எஸ்.ஓ.எஸ். மறுவினையும் தொடங்குகிறது. இந்நிலையில் இணைவு (இரு பாக்டீரியாக்கள் நேரடியாகத் தொட்டுக்கொள்வது) மூலம் பிளாஸ்மிட் கைமாறுவது அதிகரித்ததாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. இரண்டாவதாக, செல் செத்த பிறகும் அதன் டி.என்.ஏ. முழுதாக அழிவதில்லை. அசினெட்டோபாக்டர் இனங்கள் சில, வெளியே மிதக்கும் டி.என்.ஏ.வை இயல்பாகவே உள்வாங்கக்கூடியவை. ஆகவே குளோரினேற்றத்துக்குப் பின் வளர்ப்புத் தட்டில் காலனி வளரவில்லை என்பதால் மரபணு போய்விட்டது என்று பொருளாகாது. இருந்தாலும் இதற்காகக் குடிநீரில் குளோரினைக் குறைக்கச் சொல்வது விபரீதம். போதிய செறிவும் தொடுநேரமும் தருவதுதான் சரி.

இதை நீங்களே சோதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். தட்டில் பரப்புவதற்கு முன் கிருமிநாசினியைச் செயலிழக்கச் செய்யுங்கள்: குளோரினுக்குச் சோடியம் தயோசல்ஃபேட், நான்கிணையச் சேர்மங்களுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம். வழங்கி (பிளாஸ்மிட்டைக் கொடுக்கும் செல்), வாங்கி (அதைப் பெறக்கூடிய செல்), பிளாஸ்மிட் பெற்றவை மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். வாங்கி செல்கள் மட்டும் அதிகம் செத்துவிட்டால், பிளாஸ்மிட் பெற்றவற்றின் எண்ணிக்கை மாறாமலிருந்தாலும், வாங்கி செல்களால் வகுத்துக் கிடைக்கும் பரிமாற்ற விகிதம் உயர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டும்.