புதுப்பிப்பு: பேங்ஸ் வெட்டிட்டேன், ஒரு தடவை சொதப்பி

பொங்கல் முடிஞ்சு கேட்டிருந்தேனே, நீளமான அலைமுடியில படிப்படியா லேயர் வெட்டி, முன்னாடி பக்கவாட்டா பேங்ஸ் (நெத்தியில விழற குட்டை முடி) விட்டா சென்னை ராயபுரம் கடல் காத்துக்குத் தாங்குமான்னு. பாதிப் பேர் வேணாம்னீங்க. கேக்கல.

முதல் பார்லர்ல ஈரமுடியை இழுத்துப் பிடிச்சு மூக்கு அளவுக்கு வெட்டினாங்க. காஞ்சதும் சுருண்டு மேல ஏறி நெத்தி நடுவுல நின்னுச்சு. அலைமுடி காஞ்சா சுருங்கும்னு அவங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல. அம்மா பாத்துட்டு, "எலி கடிச்சிச்சாடி?"ன்னாங்க. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தானே வளரும்! மாசக்கணக்கா க்ளிப்போட ஓட்டினேன்.

அப்புறம் தண்டையார்பேட்டையில ஒரு அக்கா. காஞ்ச முடியிலயே, கன்ன எலும்புக்குக் கீழ வரைக்கும் விட்டு, கத்திரியை நெட்டுக்குத்தா பிடிச்சு நுனியை மட்டும் கொத்திக் கொத்தி எடுத்தாங்க. இப்ப அழகா சாயுது.

பராமரிப்புதான் வேலை. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, குளிச்சா முடி வைக்கோல் மாதிரி ஆயிடும். அதனால கடைசி ரெண்டு மக் மட்டும் மெட்ரோ வாட்டர் (குழாய்ல வர்ற குடிநீர்). டவலுக்குப் பதிலா பழைய காட்டன் டீ-ஷர்ட்டால ஒத்தி எடுக்கறேன். பேங்ஸை மட்டும் உடனே எதிர்ப்பக்கமா சீவி, அரைகுறையா காஞ்சதும் இந்தப் பக்கம் தள்ளிவிடறேன், தூக்கலா நிக்குது. தேங்காய் எண்ணெய் நுனிக்கு மட்டும். பேங்ஸ்ல பட்டா நெத்தியில ஒட்டிக்குது, பருவும் வருது.

ஹெல்மெட்தான் இன்னும் வில்லன். ஆபீஸ் போனதும் வாஷ் பேசின்ல பேங்ஸை மட்டும் நனைச்சு மறுபடி சீவிக்கறேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை நுனி வெட்டணுமாம். அம்மா இப்ப, "எனக்கும் அப்படி வருமா?"ங்கறாங்க.