ஒரே படத்துக்கு இமேஜும் பிட்மேப்பும் எதற்கு?

கெடிலக்கரை

கடலூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு முன்னோட்டம் பார்க்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைதான் மொழி, ஜன்னலும் பட்டனும் வரைய டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ் என்ற கருவித்தொகுப்பு. லாரன்ஸ் ரோட்டுக் கடையில் விண்டோஸ், 4 ஜிபி ராம். முதலியார்பேட்டைக் கிளையில் லினக்ஸ். இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால்தான் இந்தக் கருவி. டிசைனர் அனுப்பும் ஜேபெக்கைத் திறந்து, ஆர்டர் கொடுத்தவரிடம் காட்டி, பெயரெல்லாம் சரியா என்று கேட்க வேண்டும். அப்புறம் படத்தின் மேல் 'மாதிரி' என்று தமிழில் போட்டு, சின்னதாக்கி, வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். வேலை இவ்வளவுதான்.

10க்கு 6 அடி பேனரைத் திறந்தால் ஜன்னல் அப்படியே உறைந்து நிற்கிறது. ஸ்க்ரோல் செய்தால் திக்கித் திக்கி நகர்கிறது. படத்தை இமேஜ் வகையில் ஏற்றுகிறேன். பெயின்ட் நிகழ்வு (ஜன்னலைத் திரும்ப வரையச் சொல்லும் அழைப்பு) வரும்போதெல்லாம் ஜூம் அளவுக்குச் சுருக்கி, பிட்மேப்பாக மாற்றி வரைகிறேன். நேரமெல்லாம் இந்த மாற்றத்திலேயே போகிறது. ஒரே படத்துக்கு எதற்கு இரண்டு வகை?

பாரதிவீதி

நல்ல கேள்வி தம்பி. தேவையே இல்லை என்பதுதான் பதில். டபிள்யூஎக்ஸ் 1992ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 256 நிறம் மட்டும் காட்டும் திரைகள் சாதாரணமாக இருந்த காலம். அந்தக் காலத்துக் கவலைகளை இன்றைக்கும் நம் தலையில் கட்டுகிறார்கள். இதே வேலை செய்யும் இன்னொரு கருவித்தொகுப்பான க்யூட்டிக்கு வா. அங்கேயும் க்யூஇமேஜ், க்யூபிக்ஸ்மேப் என்று இரண்டு பெயர் உண்டு. ஆனால் க்யூட்டி 5 வந்ததிலிருந்து பெரும்பாலான இடங்களில் பிக்ஸ்மேப்புக்கு உள்ளே இருப்பதும் ஓர் இமேஜ்தான். பழைய க்யூட்டி 4ல், லினக்ஸில், பிக்ஸ்மேப், திரையைக் கவனிக்கும் எக்ஸ் சர்வர் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிரிவுக்கு அன்றைக்குக் காரணம் இருந்தது, இன்றைக்கு இல்லை.

உப்பளத்தான்

அண்ணே, நோயாளி வயிற்று வலி என்று வந்தால் வீட்டை மாற்று என்கிறீர்கள். தம்பியின் கோளாறுக்கும் இரண்டு வகை இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். 10 அடி என்றால் 120 அங்குலம். ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தால் 8640 புள்ளி அகலம். 6 அடி உயரம் 5184. பெருக்கினால் 4 கோடியே 48 லட்சம் புள்ளி. புள்ளிக்கு 3 பைட் என்றால் 134 எம்பி. இது இமேஜுக்கு மட்டும். பிட்மேப்பாக்கினால் அதே அளவோ அதற்கு மேலோ இன்னொரு பங்கு. ஆனால் கடைத் திரை 1366க்கு 768 என்றால் அதில் இருப்பதே சுமார் 10 லட்சம் புள்ளிதான். மீதி 4 கோடியே 38 லட்சத்தையும் ஒவ்வொரு பெயின்ட் நிகழ்விலும் எதற்கு மெனக்கெட்டுப் புரட்ட வேண்டும்?

இரண்டு வகை எதற்கு என்றால்: இமேஜ் என்பது உங்கள் நினைவகத்தில் உள்ள வெறும் ஆர்ஜிபி எண்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதில் ஓட்டினாலும் ஒரே வரிசை. புள்ளி புள்ளியாகத் தொடலாம், சுருக்கலாம், திருப்பலாம். பிட்மேப் அந்தந்த இயங்குதளத்தின் சொத்து. விண்டோஸின் பிட்மேப் வடிவமான டிஐபி உள்ளே நீலம், பச்சை, சிவப்பு என்று போகும். வரிகள் வழக்கமாகக் கீழிருந்து மேலே அடுக்கியிருக்கும். ஒவ்வொரு வரியும் 4 பைட்டுக்கு நிரவப்பட்டிருக்கும். லினக்ஸில் கதை வேறு. இவ்வளவையும் உங்கள் கண்ணில் காட்டாமல் மறைப்பதுதான் இமேஜின் வேலை, சீக்கிரம் திரைக்குப் போவதுதான் பிட்மேப்பின் வேலை.

ஆகவே தம்பி, பெயின்ட் நிகழ்வுக்குள் எந்த மாற்றமும் செய்யாதே. ஜூம் மாறும்போதும் ஜன்னல் அளவு மாறும்போதும் மட்டும் பிட்மேப்பைச் செய்து கையில் வைத்துக்கொள். பெயின்ட் வந்தால் இருப்பதை எடுத்து வரை, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை

பைதானோடு வரும் ஜன்னல் நூலகம் டிகேஇன்டர் + பட நூலகம் பில்லோ. நான்கு வரியில் முடிந்துவிடும். எதற்கு இத்தனை சண்டை?

வெள்ளிக்கடற்கரை

@முத்தியால்பேட்டை, நான்கு வரி எழுதுவீர்கள், ஐந்தாவது நிமிடம் படம் காணாமல் போகும். டிகேஇன்டரின் பட வகையான ஃபோட்டோஇமேஜை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைதான் அதைக் குப்பையில் போட்டுவிடும். லேபிளில் வெறும் சாம்பல் நிறம்தான் நிற்கும். அதையாவது சமாளிக்கலாம். பில்லோவில், எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் நூலகம் இல்லாமல் தமிழ் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? 'கொ' என்று கொடுத்தால் கொம்பு இடம் மாறி உட்காரும். கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நிற்பவரிடம் அப்படி ஒரு மாதிரியைக் காட்ட முடியுமா?

உப்பளத்தான் சொன்ன நிற வரிசைக்கு ஒரு நிஜ உதாரணம். புதுச்சேரியில் ஒரு ஸ்டூடியோவுக்கு யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். மஞ்சள் நீராட்டு விழா பேனர். திரையில் மஞ்சள் முழுக்க வானநீலம், அரக்குச் சேலை கருநீலம், பெண்ணின் முகம் கிருஷ்ணர் வேஷம். ஓபன்சிவி என்ற பட நூலகத்தில் ஏற்றிய படம் அது. ஓபன்சிவி நீலத்தை முதலில் வைக்கும். எண் வரிசையிலிருந்து படம் செய்யும் டபிள்யூஎக்ஸின் ஃப்ரம்பஃபர், சிவப்பு முதலில் வரும் என்று நம்பும். நடுவில் யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை.

பாரதிவீதி

அது ஓபன்சிவியின் பிரச்சினை. இரண்டு வகை வைத்திருந்தும் முகம் நீலமாகத்தானே ஆனது? பிரிவினால் என்ன காப்பாற்றினீர்கள்?

இப்போது நான் கேட்கிறேன். 'மாதிரி' என்று தமிழில் போட வேண்டும் என்கிறார் தம்பி. டபிள்யூஎக்ஸில் வரையவும் எழுதவும் உதவும் டிசியை நேரே இமேஜின் மேல் திறக்க வழி உண்டா? கிடையாது. பிட்மேப்பாக்கு, மெமரி டிசியில் (நினைவகத்தில் வரையும் டிசி) செருகு, எழுது, வெளியே எடு, திரும்ப இமேஜாக்கி சேமி. வெளியே எடுக்க மறந்தால் அந்த பிட்மேப்பை வேறெங்கும் ஒழுங்காகப் பயன்படுத்த முடியாது. க்யூட்டியில் வரையும் கருவியான க்யூபெயின்டரை நேரே க்யூஇமேஜின் மேல் திறக்கலாம். எழுத்தும் அதிலேயே, கோடும் அதிலேயே. உங்கள் பிரிவினைக்கு நீங்கள் கொடுக்கும் சுங்கவரி இது.

உப்பளத்தான்

மெமரி டிசி விஷயத்தில் அது சுற்றுவழி என்பது சரி. ஆனால் அந்தச் சுற்று, அனுப்பப்போகும் சின்னப் படத்துக்கு மட்டும். 134 எம்பிக்கு அல்ல. திரையில் காட்டும்போது 'மாதிரி'யைப் படத்துக்குள் பதிக்கவே வேண்டாம், பிட்மேப்பை வரைந்த கையோடு அதன் மேல் எழுதிவிடலாம். ஒரு சொல்லுக்காகக் கருவியையே மாற்றுவார்களா?

க்யூட்டியிலும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போவதில்லை அண்ணே. 24 பிட் க்யூஇமேஜில் ஒவ்வொரு வரியும் 4 பைட்டில் முடிய வேண்டும். அகலம் 1001 என்றால் வரிக்கு 3003 பைட் அல்ல, 3004. வெளியிலிருந்து புள்ளி எண்களைப் பஃபராகக் கொடுக்கும்போது வரி நீளத்தைச் சொல்லாமல் விட்டால் படம் சாய்ந்து விழும். க்யூட்டி 6ல் படம் ஏற்ற நினைவக வரம்பும் வைத்திருக்கிறார்கள். 20க்கு 10 அடி பேனர், புள்ளிக்கு 4 பைட், ஏறக்குறைய 600 எம்பி. இயல்பான வரம்பைத் தாண்டிவிடும், வெற்றுப் படம்தான் கையில் வரும்.

பாரதிவீதி

வரம்பை உயர்த்த ஒரே அழைப்பு போதும். கெட்ட கோப்பு ஒன்று கணினியையே மூழ்கடிக்காமல் இருக்கத்தான் அது. அதைக் குறை என்று சொன்னால் எப்படி?

கெடிலக்கரை

சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. பெயின்ட் நிகழ்விலிருந்து மாற்றத்தை வெளியே எடுத்துவிட்டேன். ஸ்க்ரோல் இப்போது வெண்ணெய். ஆனால் திறக்கும்போது உறைவது அப்படியே இருக்கிறது.

உப்பளத்தான்

அதற்கு இரண்டு வழி, இரண்டையும் செய்.

முதலாவது, முழுப் படத்தையும் ஏற்றிவிட்டுச் சுருக்காதே. ஏற்றுவதற்கு முன்பே இமேஜில் 'மேக்ஸ் வித்' (அதிகபட்ச அகலம்) விருப்பத்தை வைத்துவிடு. ஏற்றிய பிறகு வைத்தால் பலன் இல்லை. ஜேபெக் என்றால் விரிக்கும்போதே பாதி, கால், அரைக்கால் என்று இறக்கிக்கொள்ளும். அரைக்காலில் உன் 8640 அகலம் 1080 ஆகும். 134 எம்பி இருந்த இடத்தில் 2 எம்பி சொச்சம்.

இரண்டாவது, ஏற்றும் வேலையைத் தனி இழைக்கு (ஜன்னல் வேலையோடு பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ஓட்டம்) தள்ளு. அங்கே இமேஜ் மட்டும். பிட்மேப்பை அந்த இழையில் தொடவே தொடாதே. முடிந்ததும் டபிள்யூஎக்ஸின் 'கால்ஆஃப்டர்' (CallAfter) அழைப்பு வழியாக முதன்மை இழைக்குச் சொல்லி அங்கே பிட்மேப்பாக்கு. க்யூட்டியிலும் இதே விதிதான் அண்ணே: இமேஜை எந்த இழையிலும் வைத்துக்கொள்ளலாம், பிக்ஸ்மேப் முதன்மை இழையில்தான். தேவையே இல்லை என்று நீங்கள் சொன்ன பிரிவுதான் இங்கே ஜன்னலை உறையாமல் காக்கிறது.

பாரதிவீதி

இழை விஷயம் சரி. ஆனால் அரைக்கால் யோசனை இந்தக் கடைக்கு உதவாது. முன்னோட்டம் எதற்கு? எழுத்துப்பிழை பார்க்க. அரைக்காலில் சின்ன எழுத்துப் பெயர்ப் பட்டியலை வைத்துப் பாருங்கள், ணகரமும் னகரமும் ஒன்றாகவே தெரியும். தாய்மாமன் பெயரில் சுழி ஒன்று குறைந்தால் அச்சடித்த ஃப்ளெக்ஸைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். க்யூட்டியின் படம் ஏற்றும் கருவியான க்யூஇமேஜ்ரீடரில் வேண்டிய சதுரத்தை மட்டும் வெட்டி ஏற்றச் சொல்லலாம். டபிள்யூஎக்ஸில் அதற்கு என்ன வழி?

உப்பளத்தான்

ஏற்றும்போதே வெட்ட வழி இல்லை. முதலில் அரைக்கால் படத்தைக் காட்டிவிடு; முழு இமேஜ் பின்னால் தனி இழையில் வரட்டும். ஜூம் செய்தால் தெரியும் பகுதியை மட்டும் 'கெட் சப் இமேஜ்' (GetSubImage) அழைப்பால் வெட்டி, அதை மட்டும் பிட்மேப்பாக்கு. 134 எம்பி ஒரு பங்கோடு நிற்கும், இரண்டாவது பங்கு வராது. 4 ஜிபியில் தாராளமாக ஓடும்.

இன்னொன்று, டபிள்யூஎக்ஸ் இமேஜ் ஆர்ஜிபி மட்டும்தான் வைத்துக்கொள்ளும். அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே கோப்பு வந்தால் திரையில் காட்டலாம். அதைத் திரும்பச் சேமித்து அச்சுக்கு அனுப்பிவிடாதே. மூலக் கோப்பு அப்படியே எந்திரத்துக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கடற்கரை

டூல்பார் ஐகான் எல்லாம் 16க்கு 16 பிஎன்ஜி வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டபிள்யூஎக்ஸ் 3.2ல் ஒரே ஐகானைப் பல அளவில் தரும் பிட்மேப் பண்டில் இருக்கிறது, எந்த அளவிலும் மங்காத எஸ்விஜியே கொடுக்கலாம். 150 சதவீதம் வைத்த திரையில் ஐகான் மங்காது.

கெடிலக்கரை

இரண்டையும் செய்தாயிற்று. ஜேபெக் இப்போது சட்டென்று திறக்கிறது, ஜூமும் சரி. ஐகான் அடுத்த வாரம். டிசைனர் சில நேரம் டிஃப் (TIFF) வகைப் படக் கோப்பு அனுப்புகிறார். அது மட்டும் பழையபடி இழுக்கிறது.

உப்பளத்தான்

டிஃப்பில் இறக்கி ஏற்றும் சலுகை கிடையாது. முழுதாக விரித்துத்தான் சுருக்கும். முன்னோட்டத்துக்கு மட்டும் ஒரு ஜேபெக் சேர்த்து அனுப்பச் சொல்.

பாரதிவீதி

டிசைனரைத் திருத்துவதைவிட க்யூட்டிக்கு மாறுவது சுலபம். சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

கெடிலக்கரை

டிசைனர் என் மைத்துனர்தான் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார், நான் பேசிக்கொள்கிறேன்.