ஏழு தப்பா

குழு: ஈசூன் குடும்பம் 🏠

*வியாழன், இரவு 9:20*

அம்மா: மீனு சாப்டியா

மீனு: சாப்டேன் மா. இன்னைக்கும் மாலா தான்

பாட்டி: நேத்தும் மாலா திங்கக்கிழமையும் மாலா பாவம் அந்தப் பொண்ணு தினம் அவளேவா எல்லாருக்கும் சமைக்கிறா

மீனு: எந்தப் பொண்ணு பாட்டி

பாட்டி: மாலா

சித்தி: 😂😂😂😂

மீனு: பாட்டி மாலா ஆள் இல்ல 😭 அது ஒரு சீனச் சாப்பாடு. ஒரு பெரிய கிண்ணமும் இடுக்கியும் எடுத்துக்கணும். தாமரைத் தண்டு, காளான், தௌ போக் (பொரிச்ச டோஃபு), கீரை, நூடுல்ஸ்னு வேணுங்கறதை நாமளே அள்ளிப் போடணும். தராசுல வைப்பாங்க, 100 கிராமுக்கு இவ்வளவுன்னு காசு. அப்புறம் மிளகாய் எண்ணெய்ல போட்டு வதக்கித் தருவாங்க

மீனு: மா ன்னா மரத்துப்போறது, லா ன்னா காரம். அதுல ஒரு சீன மிளகு போடுவாங்க. கடிச்சா நாக்கு ஜிவ்வுனு ஆயிடும்

பாட்டி: நாக்கு மரக்கறதுக்கு காசு வேற கொடுக்கணுமா பல் டாக்டர் கிட்ட போனா ஊசி போடுவாரே

அப்பா: எவ்வளவு ஆச்சு

மீனு: 9.60

அப்பா: 9 வெள்ளி 60 காசு???

மீனு: இதே குறைச்சல் பா. முதல் வருஷம் விவரம் தெரியாம உருளைக்கிழங்கும் தாமரைத் தண்டும் அள்ளிப் போட்டு 14 வெள்ளி கொடுத்தேன். ரெண்டும் கல்லு கனம். இப்ப கீரை, தௌ போக்னு எடை இல்லாததாப் பாத்துப் போடறேன்

அம்மா: பத்து வெள்ளிக்குக் கீரை. தேக்காவுல ஒரு வாரத்துக்கு வாங்கிப்போடுவேன்

தம்பி: எனக்கு யாராவது மாலா டாபாவ் பண்ணி, பார்சல் கட்டி அனுப்புங்க லா. இங்க டின்னர் சீக்கிரம் முடிஞ்சிடுது, இப்ப மறுபடி பசி

அம்மா: பிஸ்கட் கொடுத்து விட்டேனே

தம்பி: அது திங்கக்கிழமையே செக்ஷன் முழுக்கப் பகிர்ந்தாச்சு. நாளைக்கு ராத்திரி புக் அவுட், கேம்ப்ல இருந்து வீட்டுக்கு வரேன், சோறு வச்சிருங்க மா. புலாவ்னா மலாய்ல தீவு. நான் ஆர்மிப் பயிற்சில புலாவ் தெக்கோங், அக்கா அவ யுனிவர்சிட்டில, புலாவ் என்டியு. ரெண்டு பிள்ளையும் தீவுல

மீனு: உனக்காவது படகு வருது. நான் 179 பஸ் பிடிச்சு பூன் லே வந்து, ஜூரோங் ஈஸ்ட்ல மாறி, சுவா சூ காங், உட்லண்ட்ஸ்னு பாதி சிங்கப்பூரைச் சுத்தி ஈசூன் வரணும். ஒரு நாடகம் ரெண்டு எபிசோட் முடிஞ்சிடும்

பாட்டி: எந்த நாடகம்

*வெள்ளி, காலை 7:02*

அப்பா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம்

அப்பா: *பலமுறை முன்னனுப்பப்பட்டது* ⚠️ உடனடி நூடுல்ஸில் மெழுகு!! வயிற்றில் நான்கு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்! பிள்ளைகளுக்குப் பகிரவும்!!

மீனு: அப்பா இது நான் பிரைமரி படிக்கும்போதே சுத்துன கதை. நூடுல்ஸ்ல மெழுகு கிடையாது. எண்ணெய்ல பொரிச்சுக் காய வைக்கறாங்க, அவ்வளவுதான். உப்பு ஜாஸ்தின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்

அப்பா: அப்போ தினம் சாப்பிடறேன்னு அர்த்தம்

மீனு: 🙄

*பகல் 1:15*

அம்மா: தீபாவளிக்கு ரெண்டு வாரம் தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாட்டி முறுக்கு சுத்தறாங்க. மாடி முழுக்கக் கொடுக்கணும். அலமாரியில பாத்தா டப்பாவே இல்ல

பாட்டி: மீனு என் ஏழு தப்பா எங்க

மீனு: பாட்டி நான் ஒரு தப்பும் பண்ணலயே 😳

பாட்டி: ஏழு தப்பா இருக்கு எண்ணி வச்சிருக்கேன் ஒவ்வொண்ணா உன் ஹாஸ்டல் ஹாலுக்குப் போச்சு ஒண்ணும் திரும்பி வரல

மீனு: ????

அப்பா: என்ன நடக்குது. மீனு எனக்குத் தனியா போன் பண்ணு

சித்தி: அத்தான் டப்பா அத்தான், டப்பா!! அம்மா பேசித்தான் தட்டறாங்க. போன் ட-வைத் த-ன்னு எழுதுது 😂

அப்பா: மீட்டிங்ல இருந்து வெளியே வந்துட்டேன்

அம்மா: கணக்கு சொல்றேன் மீனு கேட்டுக்கோ. நீல மூடி ரெண்டு, புளிச்சோறு போனது. நாலு பக்கமும் க்ளிப் போடற சதுரம் ஒண்ணு, தயிர்சாதம். ஸ்டீல் டப்பா. இட்லிப்பொடி போன குட்டி டப்பா. தோசை மாவு போன ஐஸ்கிரீம் டப்பா, அது போனாலும் போகட்டும், ஆனா கணக்குல உண்டு. அப்புறம் பச்சை மூடி கண்ணாடி டப்பா. அது சித்தியோடது

சித்தி: என்னோடதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே

சித்தி: மூணும் ஒரே செட்டா வாங்கினது. இப்ப ரெண்டு இருக்கு. பரவால்ல

சித்தி: 🙂

மீனு: சித்தி அந்த ஸ்மைலி வேணாம், பயமா இருக்கு

*மாலை 6:40*

மீனு: சரி ரூம்ல தேடிட்டேன். ஆறு இருக்கு!! ஐஸ்கிரீம் டப்பாவும் இருக்கு. ஸ்டீல்ல பேனா, கத்தரிக்கோல் போட்டு வச்சிருந்தேன், கழுவிட்டேன். குட்டி டப்பாவுல இட்லிப்பொடி இன்னும் ஒரு ஸ்பூன் மிச்சம்

அம்மா: நீல மூடி

மீனு: ரெண்டும் இருக்கு. ஒண்ணுல மட்டும் ஃபோட்டோகார்ட் இருக்கு

அப்பா: அது என்ன

மீனு: பிடிஎஸ்னு கொரியப் பாட்டுக் குழு பா, ஏழு பேரு. அவங்க ஆல்பம் வாங்கினா உள்ள ஒரு குட்டி அட்டை வரும். ஏழு பேர்ல யார் படம் வரும்னு பிரிச்சாத்தான் தெரியும். வேண்டாதவங்க வந்தா இன்னொருத்தரோட மாத்திக்கலாம். ஆனா பா, அந்த டப்பாவை மூணு தடவை கழுவியும் புளி வாசம் போகல. ஜின் முகத்துல இப்ப புளிச்சோறு மணக்குது

அப்பா: ஆல்பம்னா சிடியா? அதைக் கேக்க உன்கிட்ட பிளேயர் இருக்கா?

மீனு: இல்ல

அப்பா: 👍

அம்மா: ஏழாவது டப்பா

மீனு: லேப் ரிப்போர்ட் எழுதணும் மா அப்புறம் பேசறேன்

சித்தி: பச்சை மூடி தானே. எனக்குத் தெரியும்

*இரவு 8:55*

தம்பி: படகுல ஏறிட்டேன்!! மேல இருக்கறதை எல்லாம் இப்பத்தான் படிச்சேன். அக்கா இன்னுமா பிடிஎஸ்

மீனு: நான் ஆர்மி டா. கடைசி வரைக்கும் ஆர்மி

பாட்டி: ஆர்மியில தம்பி தானே இருக்கான் நீ எப்ப சேந்த

மீனு: பாட்டி பிடிஎஸ் ரசிகர்களுக்கு ஆர்மின்னு பேரு

பாட்டி: அப்ப நம்ம வீட்டுல ரெண்டு ஆர்மி

தம்பி: பாட்டி என்னையும் அவளையும் ஒண்ணா சேக்காதீங்க. நான் இன்னைக்கு 20 கிலோ சுமந்தேன்

மீனு: அவங்களும் சுமந்தாங்க டா. ஏழு பேருக்கும் கட்டாய சேவை உண்டு. ஜின் தான் முதல்ல போனாரு, 2022 டிசம்பர்ல. 2024 ஜூன்ல வெளிய வந்தாரு. ஷுகாவுக்கு மட்டும் ராணுவம் இல்ல, சமூக சேவை. அவர் தான் கடைசி, 2025 ஜூன்

அப்பா: அதாவது ராணுவத்துல 18 மாசம் தானா? இங்க ரெண்டு வருஷம். எங்க காலத்துல ரெண்டரை

தம்பி: 18 மாசம்!!! நான் கொரியாவுக்கே போறேன்

மீனு: ஜின் அங்க புது ரெக்ரூட்டுக்குப் பயிற்சி கொடுக்கற உதவியாளரா இருந்தாரு தெரியுமா

தம்பி: எங்க சார்ஜன்ட்டும் நல்லாத்தான் கத்துவாரு. ஆனா ராகம் வராது

மீனு: 2019 ஜனவரி 19, நேஷனல் ஸ்டேடியம். ஏழு பேரும் வந்தாங்க. செகண்டரி டூ படிக்கற பிள்ளைக்கு எதுக்கு கச்சேரின்னு யாரோ டிக்கெட் வாங்கித் தரல. அப்புறம் எத்தனை வருஷம் காத்திருந்தோம். கடைசில ஏழு பேரும் சேவையை முடிச்சு பத்திரமா திரும்பி வந்துட்டாங்க 😭💜

அம்மா: அந்த ஏழு பேரும் வந்துட்டாங்க. என் ஏழு டப்பா எப்ப வரும்

தம்பி: 💀💀💀

அப்பா: இந்த ஒரு மெசேஜுக்காக நான் இவளைக் கட்டினது சரிதான்

*சனி, காலை 11:30*

பாட்டி: மீனு எந்திரிச்சியா ஒரு சந்தேகம் நான் பாக்கற கொரியா நாடகத்துல அந்தப் பொண்ணு கட்டிக்கப் போறவனைப் போய் அப்பாங்கறா எனக்கு ரெண்டு நாளா தூக்கமே இல்ல

மீனு: 😂😂 அது ஒப்பா பாட்டி. பொண்ணுங்க அண்ணனைக் கூப்பிடறது. காதலனையும் அப்படிக் கூப்பிடலாம்

பாட்டி: அண்ணன்னா இன்னும் மோசமாச்சே

மீனு: அங்க அப்படித்தான். அப்பாவுக்கு அப்பான்னே தனியா இருக்கு. அது நம்ம மாதிரி தான்

பாட்டி: அப்ப அண்ணி அண்ணின்னு அந்த ஆபீஸ்ல எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடறாங்களே அத்தனை பேருக்கும் ஒரே புருஷனா

மீனு: அது ஒன்னி!!! அக்கா!!! 😭😭

சித்தி: அம்மா 16 எபிசோட் இப்படித்தான் பாத்தீங்களா

பாட்டி: கதை நல்லா தான் இருந்துச்சு

அம்மா: சிரிச்சது போதும். மீனு காலையில என்ன சாப்பிட்ட

மீனு: இப்பத்தான் எந்திரிச்சேன். பபிள் டீ

அம்மா: வெறும் வயித்துல! அந்த மெனுவிலேயே சர்க்கரைக்கு டி கிரேடுன்னு போட்டிருக்கானே. 100 மில்லில 10 கிராமுக்கு மேல சர்க்கரை இருந்தா டி. படிச்ச பொண்ணு தானே

மீனு: நான் பாதிச் சர்க்கரை தான் சொன்னேன், சி தான் வரும். பரீட்சைல சி வந்தா பாஸ் மா

அப்பா: எந்தப் பாடத்துல சி

மீனு: டீ பத்திப் பேசறோம் பா!!

அப்பா: இருந்தாலும். இந்த வாரம் என்ன தான் படிச்ச, சொல்லு

மீனு: ஓகே நேத்து ஒரு நாளைச் சொல்றேன். 8:30க்கு டுட்டோரியல், ஹைவ்ல. டிம் சம் கூடையை அடுக்கி வச்ச மாதிரி இருக்குமே, போன வருஷம் கூட்டிட்டுப் போனேனே, அந்தக் கட்டடம். அதுல வகுப்புக்கெல்லாம் மூலையே கிடையாது. வட்டமா உக்காரணும். அதனால தூங்கி விழுந்தா வாத்தியாருக்கு நேரா தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அப்புறம் பூன் லே பக்கம் ஒரு கடைல சாய் பெங், சோத்துக்கு வேணுங்கற கறியைக் காட்டி வாங்கற சாப்பாடு. முட்டை, கீரை, கோழின்னு விரலை நீட்டினேன். கோழின்னு நினைச்சது மீன். விலையைக் கேட்டதும் பசி அடங்கிடுச்சு. ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் லேப். ராத்திரி எல்லாரும் பவர் நாசி லெமாக் சாப்பிடப் போனாங்க, நான் காசு இல்லன்னு போகாம இட்லிப்பொடி மிச்சத்தைச் சோத்துல போட்டுப் பெசஞ்சு சாப்பிட்டேன்

அம்மா: எண்ணெய் எங்க கிடைச்சது

மீனு: ரூம்மேட் கொடுத்தா. நல்லெண்ணெய் தான், சீனக் கடை நல்லெண்ணெய். வறுத்த வாசம். பொடிக்கு அது வேற ருசி மா, நிஜமா நல்லா இருந்துச்சு

பாட்டி: காசு இல்லன்னா கேக்க மாட்டியா

அப்பா: 50 அனுப்பிட்டேன். மாலா வேண்டாம்

மீனு: 💜💜💜 ரசீது கேக்க மாட்டீங்களே

*இரவு 10:10*

சித்தி: மீனு பச்சை மூடி

மீனு: சித்தி உங்ககிட்ட நேரா சொல்லிடறேன். ரூம்மேட்டுக்கு ரெண்டாவது வாரம் காய்ச்சல். கஞ்சி வைக்கத் தெரியல, அம்மா கொடுத்த ரசம் இருந்துச்சு, சோத்துல ஊத்திக் குழைச்சு உங்க டப்பாவுல போட்டுக் கொடுத்தேன். காரமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே முழுசும் சாப்பிட்டா. அப்புறம் டப்பா திரும்பி வரல. கேக்க வெக்கமா இருக்கு. ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு டப்பாவைக் கொடுன்னு எப்படிக் கேக்கறது

சித்தி: ரசத்துக்கா போச்சு. சரி விடு

சித்தி: அக்கா உன் ரசம் காய்ச்சலுக்கு நல்லது தான்

அம்மா: இதுக்குத் தான் ஐஸ்கிரீம் டப்பா கொடுத்து விடறது. யாருக்கு வேணா தூக்கிக் கொடுக்கலாம்

*ஞாயிறு, பகல் 12:48*

மீனு: (படம்)

மீனு: சித்தி பாருங்க!!!!!!

சித்தி: என் டப்பா!!

அம்மா: உள்ள என்ன பச்சையா

மீனு: ஓண்டே ஓண்டே! ரூம்மேட் வெள்ளிக்கிழமை தெம்பனிஸ் போனா, இப்பத்தான் வந்தா. வந்ததும் கையில கொடுத்து ஸாரி ஸாரிங்கறா. அவ அம்மா, வந்த பாத்திரத்தைக் காலியா திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். அவளுக்கு ஒரு மாசமா வீட்டுக்குப் போக நேரமே இல்ல. அதான் டப்பா அவ மேசைக்குக் கீழயே உக்காந்திருக்கு. நான் அவளைத் தப்பா நினைச்சுட்டேன்

பாட்டி: டப்பாவா நினைச்சியா

மீனு: இப்பப் போய் சரியா எழுதுது 😭

பாட்டி: தேங்காப்பூவுல உருட்டியிருக்கா நம்ம கொழுக்கட்டை மாதிரி

மீனு: உள்ள குலா மலாக்கா பாட்டி, தென்னை வெல்லம், உருகி இருக்கும். பாதியாக் கடிச்சா சட்டையில தெறிக்கும், முழுசா வாயில போடணும். 20 இருக்கு. பஸ்ல நாலு காலி. சரி ஆறு

தம்பி: சாயந்திரம் புக் இன், கேம்ப்புக்குத் திரும்பணும். எனக்கு மூணு வைக்கலன்னா வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன்

சித்தி: நானும் வரேன். டப்பாவை வாங்கிக்கறேன்

பாட்டி: டப்பாவை எங்க எடுத்துட்டுப் போற அவங்க பலகாரம் கொடுத்திருக்காங்க நாம காலியா விடறதா முறுக்கு போகணும்

அம்மா: அம்மா, அந்த டப்பாவே நம்மோடது

பாட்டி: டப்பா நம்மோடது பலகாரம் அவங்களோடது

சித்தி: மறுபடி என் டப்பாவிலயா 🙂

மீனு: சித்தி அந்த ஸ்மைலி!!

அம்மா: ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டுக் கொடுக்கலாம். திரும்பி வரலைன்னாலும் பரவால்ல

பாட்டி: முதல் முதலா ஒரு வீட்டுக்குப் பலகாரம் போகுது ஐஸ்கிரீம் தப்பால கொடுத்தா தப்பு

அப்பா: இதுல எது டப்பா எது தப்பு

அம்மா: சரி நீல மூடியில போடறேன். மீனு, அதுல இருக்கற அட்டையெல்லாம் வெளிய எடு

மீனு: எடுக்கறேன் மா. ஆனா முறுக்குல புளி வாசம் ஏறும், சொல்லிட்டேன்