இணையத்தில் பழகிய 12 பேர், முதல் குழுக் கண்காட்சி: எதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்?

மூன்றாம்கண் (கேள்வி):

வணக்கம் நண்பர்களே. இணையத்தில் படம் பகிர்ந்து, ஒருவர் படத்தை ஒருவர் அலசிப் பழகிய 12 பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பாதிப் பேரின் நிஜப் பெயர்கூட மற்றவர்களுக்குத் தெரியாது. ஆளுக்கு 2 படம், மொத்தம் 24. கூடம் 3 நாளுக்குக் கிடைக்கும். படம் மாட்ட முந்தைய நாள் மாலை மட்டும்தான். சுவரில் ஆணி அடிக்கலாம்.

இரண்டு கேள்வி. பிரிண்டும் ஃபிரேமும் அவரவர் விருப்பப்படி கொண்டுவரட்டும் என்று சிலர் சொல்கிறார்கள், சரிப்படுமா? அடுத்தது, நேரில் சந்திப்பது கூட்ட நெரிசலில் "ஓ, நீங்கதானா அது" என்பதோடு முடிந்துவிடக் கூடாது. அதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?

சாம்பல்அட்டை:

சரிப்படாது. 12 விதமான ஃபிரேம் வந்தால் பார்க்கிறவர் கண் முதலில் ஃபிரேமில்தான் நிற்கும். மாட்டும்போதும் ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுக்க வேண்டியிருக்கும்; ஒரு மாலை போதவே போதாது. அச்சிட ஒரே லேப், ஒரே பேப்பர், பொறுப்புக்கு ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் ஃபைலை அனுப்பினால் போதும். கண்ணாடி போட்ட ஃபிரேமைப் பார்சலில் அனுப்பி உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் 18×24 இன்ச் ஃபிரேம், உள்ளே 12×18 படம். சுற்றிலும் சரியாக 3 இன்ச் மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை ஓரம்) நிற்கும். 4:3 படத்தை 12×16 ஆகவும் சதுரப் படத்தை 12×12 ஆகவும் போட்டு, மவுண்ட் போர்டில் வெட்டும் திறப்பை மட்டும் மாற்றுங்கள். வெளி அளவு மாறாது, யார் படத்தையும் ஓரம் நறுக்கவும் வேண்டாம்.

12×18க்கு 300 பிபிஐ (ஒரு இன்ச்சுக்கு இத்தனை பிக்சல் என்ற கணக்கு) என்றால் 5400×3600 பிக்சல் வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 பிபிஐ, அதாவது 3600×2400 இருந்தாலே நன்றாக வரும். அதற்கும் கீழே என்றால் இழுத்துப் பெரிதாக்காமல் படத்தைச் சிறிதாகப் போட்டு மவுண்டை அகலமாக விடுங்கள். பலரும் செய்யும் தவறு, இணையத்தில் ஏற்றிய காப்பியையே திரும்ப இறக்கி அனுப்புவது. 1600 பிக்சல் நீளமுள்ள படத்தை 18 இன்ச்சுக்கு இழுத்தால் 89 பிபிஐ தான் தேறும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

லேப் வேறு எதுவும் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி (sRGB, பொதுவாகப் பயன்படும் நிற அமைப்பு), அது எந்த நிற அமைப்பு என்று சொல்லும் புரொஃபைலைச் சேர்த்தே சேமிக்க வேண்டும். இன்னொரு நிற அமைப்பான அடோபி ஆர்ஜிபி ஃபைலைப் புரொஃபைல் இல்லாமல் கொடுத்தால் நிறம் வெளிறிப் போகும். பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது என்று லேபைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம், முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் படத்தைத் திருத்தியதுதான். இதற்குச் சோதனைப் பிரிண்ட் ஒன்றே மருந்து. ஒரு 12×18 தாளில் 4×6 அளவில் 9 படம் அடங்கும். 24 படத்துக்கு 3 தாள். கண்காட்சிக்கு எந்தப் பேப்பரோ அதே பேப்பரில் போட்டு, கூடத்து விளக்கு வெளிச்சம் மாதிரியான வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு அவற்றை வெட்டித் தரையில் பரப்பி வரிசை பிடிக்கலாம். திரையில் வரிசை போடுவதைவிட இது பல மடங்கு சுலபம்.

படத் தேர்வு பற்றியும் ஒன்று. லைக் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கைபேசியில் எடுபடும் படம் பெரும்பாலும் ஒரே பொருள், அடர்த்தியான நிறம் என்று இருக்கும். சுவரில் பத்து விநாடியில் தீர்ந்துவிடும். நுணுக்கம் நிறைந்த, நிறம் அடங்கிய படங்களுக்கு இணையத்தில் கிடைக்காத மரியாதை பிரிண்டில் கிடைக்கும். ஆளுக்கு 5 படம் வாங்கி, பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு வாக்கெடுங்கள்.

சுத்தியும்_ரசமட்டமும்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. பேப்பரில் மேட் (பளபளப்பே இல்லாதது) அல்லது லஸ்டர் (லேசான பளபளப்பு உள்ளது) எடுங்கள். பளபளப்பான பேப்பரோடு கண்ணாடியும் சேர்ந்தால் எதிரில் நிற்பவர் முகம்தான் தெரியும்.

இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் வந்த கையோடு ஃபிரேமுக்குள் போடக் கூடாது. மையில் உள்ள கரைப்பான் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூடிவிட்டால் கண்ணாடியின் உட்புறத்தில் புகைபோலப் படியும். மேலே வெள்ளைத் தாள் வைத்துக் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். படத்தை அட்டையில் முழுக்கப் பசை தடவி ஒட்டவும் வேண்டாம். ஈரப்பதம் மாறும்போது பேப்பர் விரியும், சுருங்கும்; நாலு பக்கமும் பிடித்து வைத்தால் அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் அமிலமில்லாத பேப்பர் டேப் போட்டுத் தொங்கவிடுங்கள். மவுண்டின் திறப்பு படத்தைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. சிறிதாக இருந்தால் ஓரம் வெளியே தெரியாது.

கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் (தெளிவான பிளாஸ்டிக் தகடு) போட்டால் எடை குறையும். ஆனால் அமோனியா, ஆல்கஹால் கலந்த கிளீனர் அதன்மேல் படவே கூடாது, மயிரிழை வெடிப்பு விடும். ஈர மைக்ரோஃபைபர் துணி போதும்.

சுவர் நீளத்தை இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். படுக்கைவாட்டில் ஒரு ஃபிரேம் சுமார் 61 செ.மீ. ஒருவருடைய இரண்டு படத்துக்கும் இடையில் 15 விட்டால் ஆளுக்கு 137 செ.மீ. 12 பேருக்கு 1644. ஒருவர் படத்துக்கும் அடுத்தவர் படத்துக்கும் இடையில் 40 வீதம் 440, இரண்டு ஓரத்திலும் சேர்த்து 80. மொத்தம் 2164 செ.மீ., ஏறக்குறைய 22 மீட்டர். கதவு, சன்னல், சுவிட்சுப் பலகை போக இந்த நீளம் இருக்கிறதா என்று டேப்போடு போய் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் படத்தைக் குறையுங்கள். இடைவெளியில் கை வைக்காதீர்கள்.

மாட்டும் உயரத்துக்குப் படத்தின் நடுப்புள்ளிதான் கணக்கு, மேல் விளிம்பு அல்ல. நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. பின்கம்பியை ஆணி வரும் இரண்டு இடத்திலும் விரலால் மேலே இழுத்துப் பிடித்து, அங்கிருந்து ஃபிரேமின் மேல் விளிம்புக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். அது 5 செ.மீ. என்றால், 46 செ.மீ. உயர ஃபிரேமுக்கு 150 + 23 − 5 = 168. ஆணி அந்த உயரத்தில். ஒரு படத்துக்கு இரண்டு ஆணி. ஒற்றை ஆணியில் மாட்டினால் யார் தோள் உரசினாலும் சாய்ந்துவிடும். பின்கம்பியைக் கட்டும் டி-ரிங்குகள் எல்லா ஃபிரேமிலும் மேலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஃபிரேம் போடுபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இதை விட்டால் 24 படத்துக்கும் தனித்தனிக் கணக்குத்தான்.

விளக்கு செங்குத்துக்கு 30 டிகிரி சாய்வில் விழ வேண்டும். விளக்கு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரிலிருந்து சுமார் 85 செ.மீ. தள்ளி. இன்னும் தள்ளிப் போனால் கண்ணாடியில் பிரதிபலிப்பு வரும், பார்க்கிறவர் நிழலும் படத்தில் விழும். எல்இடி என்றால் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு, உச்சம் 100) 90க்கு மேல் கேளுங்கள், இல்லாவிட்டால் தோல் நிறம் செத்துப் போகும்.

ஒளிக்கீற்று:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திறப்பு விழாவைச் சந்திப்பாக நினைக்காதீர்கள். அன்று ஒவ்வொருவரும் தன் வீட்டாரையும் விருந்தினரையும் கவனிப்பார்கள். மாட்டும் மாலைக்கே எல்லோரையும் வரச் சொல்லி, அதிகம் பழகாதவர்களாகப் பார்த்து இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் ஃபிரேமைப் பிடிக்க ஒருவர் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது பேச்சு தானாக வரும். கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

திறப்பன்று பார்வையாளர்கள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். ஆளுக்கு 5 நிமிடம், 12 பேருக்கு 60. எல்லோரும் அவரவர் முறையில் அவர் படங்களின் முன் நிற்க, முதல் 2 நிமிடம் மற்றவர்கள் தங்களுக்குத் தெரிவதைச் சொல்லட்டும். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. மீதி 3 நிமிடம் அவருக்கு. எடுத்தவர் முதலில் பேசினால் அவர் சொன்னதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தோடு நிற்பது அவசியம். முதல் மூவர் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டால் கடைசியில் நிற்பவர் படத்தை யாரும் பார்க்காமலே கதவு திறந்துவிடும்.

குறை சொல்லலாமா என்று அவரவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். திரையில் எழுதும் ஒரு வரியை முகத்துக்கு நேரே சொன்னால் கனம் வேறு. பிரிண்டைப் பார்த்தே பேச வேண்டும் என்பதும் முக்கியம்: திரையில் முழு அளவில் உறுத்திய நாய்ஸ் (பொரிபொரியான புள்ளிகள்) பிரிண்டில் காணாமல் போயிருக்கும், திரையில் கண்ணுக்குப் படாத, கேமரா சென்சார்மேல் படிந்த தூசி வானத்தில் புள்ளியாக நிற்கும்.

மார்பு அட்டையில் இணையப் பெயர் பெரிய எழுத்தில், நிஜப் பெயர் கீழே சிறிதாக, அதுவும் அவர் சம்மதித்தால். கூடவே அவருடைய புரொஃபைல் படம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சட்டென்று அடையாளம் பிடிப்பார்கள். கேமராக்காரர்கள் கூடும் இடம் என்பதால், தன் முகம் இணையத்தில் வர வேண்டாம் என்பவர் அட்டையில் சிவப்புப் புள்ளி ஒட்டுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு வரட்டும்.

மூன்றாம்கண்:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். படத்தின் பக்கத்தில் வைக்கும் பெயர்ச்சீட்டில் எந்தப் பெயரைப் போடுவது? வர முடியாத ஒருவர் இருக்கிறார், அவர் படத்துக்கு அந்த 5 நிமிடம் எப்படி?

ஒளிக்கீற்று:

பெயர்ச்சீட்டுக்கு எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்: "சீட்டில் இப்படித்தான் வர வேண்டும்" என்று அவரே எழுத்துக்கூட்டி அனுப்பட்டும். யூகித்துப் போடாதீர்கள். 16 பாயின்ட் எழுத்து, ஃபிரேமின் வலப்பக்கம் கீழ் விளிம்புக்கு நேராக. பறவைக் கூடு, அரிய செடி என்றால் இடத்தின் பெயரைச் சீட்டில் போட வேண்டாம். பகிரும் ஃபைலில் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்குங்கள். குழந்தைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

வர முடியாதவருக்கு வீடியோ அழைப்பு போடலாம். கூடத்தில் எதிரொலி இருக்கும், அதனால் பேசுபவர் ஒயர் உள்ள மைக்கைக் கையில் வைத்துப் பேசட்டும். கைபேசியைப் படத்துக்கு நேர் எதிரே பிடித்தால் கண்ணாடியில் கைபேசியே தெரியும். ஓரடி பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். இணைப்பு அறுந்துபோனால் சமாளிக்க, அவரிடம் முன்பே 100 சொல்லுக்குள் எழுதி வாங்கி, வாசிக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.