பெயர் கேட்காத படிவத்தில் வந்த ஒரு வரி

அரசு பள்ளி ஆசிரியை:

2023, காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். என் பதினொன்றாம் வகுப்பில் 41 மாணவிகள். கூகுள் படிவம் ஒன்றைத் தயாரித்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்றே கேள்விகள்: தூக்கம், சாப்பாடு, மனதில் ஏதாவது பாரம். பெயர் கேட்கவில்லை. கேட்டால் உண்மை வராது. மனம் சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால், "படித்தது போதும்" என்று நிறுத்திவிடும் வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன.

வெள்ளி மாலை அனுப்பிய படிவத்தைத் திங்கள் காலையில்தான் திறந்தேன். "ராத்திரி தூக்கமே வருவதில்லை மிஸ். பள்ளிக்கு வரப் பயமாக இருக்கிறது." ஞாயிறு அதிகாலை 1.52க்கு எழுதியிருக்கிறாள். அந்த ஞாயிறு முழுவதும் கைப்பேசி என் கையில்தான் இருந்தது.

அன்று 41 பேரும் வந்திருந்தார்கள். யார் என்று எந்த முகமும் காட்டிக்கொடுக்கவில்லை. தாமதமாகப் படித்தது என் தவறு என்று வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் 14416 என்று எழுதினேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் தமிழிலேயே பேசலாம். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: பாதிப் பேருக்கு அப்பாவின் கைப்பேசிதான். அழைத்த எண் அதில் பதிந்திருக்குமே! மதிய இடைவேளையில் நூலகத்தில் என் கைப்பேசியோடு இருப்பேன் என்றேன்.

நான்கு நாள் யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் இருவர் சேர்ந்து வந்தார்கள். இவளுக்குத் துணையாக வந்ததாக அவள் சொன்னாள், அவளுக்குத் துணையாக வந்ததாக இவளும் சொன்னாள். ஒருத்தி என் கைப்பேசியில் அந்த எண்ணுக்குப் பேசினாள். இருபது நிமிடம் நான் வராந்தாவில் நின்றேன். அந்த வரியை எழுதியவள் இவள்தானா என்று இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது படிவம் திங்கள் காலையில் போகிறது. அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "நான் உன்னிடம் பேசலாமா? சரி என்றால் மட்டும் பெயர் எழுது." சென்ற வாரம் மூன்று பெயர்கள் இருந்தன.

ஒரு தந்தை:

டீச்சர், பெயர் கேட்காமல் விட்டது சரிதான். என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் இதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது. தினமும் தன் மனநிலைக்கு ஏற்ற ஒரு முகப் படத்தைத் தொட வேண்டும். அது பெற்றோருக்கும் வந்துவிடும். ஓர் ஆண்டு முழுவதும் சிரித்த முகம்தான் வந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மாதம் அவள் சாப்பாட்டையே ஒதுக்கியபோது, செயலியைக் காட்டி, "சந்தோஷம் என்றுதானே தொட்டிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அம்மா பார்ப்பார்களே, அப்பா" என்றாள்.