விட்பி கோத் விழாவுக்கு வெறும் பார்வையாளராகப் போகலாமா?

கேள்வி: தேன்மொழி_லீட்ஸ்

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இறுதியில் நார்த் யார்க்ஷயர் கடற்கரையிலுள்ள விட்பி நகரில் நடைபெறும் கோத் வார இறுதி விழாவுக்கு வருமாறு என் அலுவலகத் தோழி அழைத்திருக்கிறார். கறுப்பு வெல்வெட் உடையும் வெள்ளிச் சிலுவைகளும் அணிந்து ஆண்டுதோறும் போய்வருபவர் அவர். எனக்கோ அந்த இசை பழக்கமில்லை. அவ்வகை உடையும் என்னிடம் இல்லை. எங்களுடன் தங்கியிருக்கும் மாமியார் தோழியின் படங்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன பேய் வழிபாடா? எட்டு வயதுப் பிள்ளையை அங்கே ஏன் கூட்டிப்போகிறாய்?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

மீன்பிடித் துறைமுகமான ஒரு சிற்றூருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு? டிராகுலா என்ற இரத்தக்காட்டேரிக் கதை மட்டும்தான் காரணமா? வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறவர்களை அவர்கள் வரவேற்கிறார்களா, பொறுத்துக்கொள்கிறார்களா? போய்வந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய_இசைத்தட்டு

முதலில் உங்கள் மாமியாரின் ஐயத்தைத் தீர்க்கலாம். இது மதமும் அல்ல, வழிபாடும் அல்ல. ஓர் இசையைச் சுற்றி வளர்ந்த வாழ்க்கைமுறை. 1970களின் இறுதியில், பங்க் இசையின் வேகம் தணிந்த பிறகு, அதே எளிய கருவிகளைக் கொண்டு இருண்ட, மெதுவான, எதிரொலி மிகுந்த இசையைச் சில இங்கிலாந்துக் குழுக்கள் உருவாக்கின. நார்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹாவுஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 1979இல் வந்தது. மறு ஆண்டிலேயே நீங்கள் வசிக்கும் லீட்ஸ் நகரில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு தோன்றியது; அதிலிருந்து பிரிந்தவர்கள் 1986இல் தி மிஷன் குழுவைத் தொடங்கினார்கள். ஆக, கோத் இசையின் வேர்களில் ஒன்று உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. விட்பிக்குப் புறப்படுவதற்கு முன் இந்த மூன்று குழுக்களையும் ஒரு மாலைப்பொழுதில் கேட்டுப் பாருங்கள். பிடிக்காமல் போனாலும், அங்கே கூடுகிறவர்களை ஒன்றுசேர்த்தது எது என்பது விளங்கிவிடும்.

விழாவின் தொடக்கம் மிக எளியது. இணையம் வீடுகளுக்குள் வராத காலத்தில், ஒத்த ரசனை கொண்டவர்கள் கடிதம் வழியாகவே நட்புக் கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தம் பேனா நண்பர்களை 1994இல் ஜோ ஹாம்ப்ஷயர் என்பவர் விட்பியில் சந்திக்க அழைத்தார். சில பத்துப் பேர் எல்சினோர் என்ற மதுக்கூடத்தில் கூடினார்கள். 1997 முதல் அது வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை நடக்கும் விழாவானது. மேற்குக் குன்றின் ஓரத்தில், கடலை நோக்கி நிற்கும் பெவிலியன் அரங்கு அதன் முதன்மை மேடையாகப் பல ஆண்டுகள் இருந்தது. கோத் அணியும் உள்ளூர் அணியும் அறக்கொடைக்காக மோதும் கால்பந்தாட்டமும் உண்டு. கண்மை கலைந்து வழிய ஓடும் ஆட்டக்காரர்களை உங்கள் மாமியார் ஒருமுறை பார்த்தால் போதும், அச்சம் போய்விடும்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டு போவது நல்லது. 2007 ஆகஸ்டில் லங்காஷயரின் பேகப் நகரில், இருபது வயதான சோஃபி லங்காஸ்டர் என்ற பெண்ணும் அவருடைய காதலரும் ஒரு பூங்காவில் இளைஞர் கும்பலால் தாக்கப்பட்டார்கள். சோஃபி சில நாள்களில் இறந்துபோனார். அவர்களுடைய கோத் தோற்றத்தைத் தவிர அந்தத் தாக்குதலுக்கு வேறு காரணம் இருக்கவில்லை. 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை கோத் போன்ற மாற்றுத் தோற்றக் குழுவினர் மீதான தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கியதற்குப் பின்னால் சோஃபியின் தாயார் தொடங்கிய அறக்கட்டளையின் உழைப்பு இருக்கிறது. விட்பியில் சோஃபியின் நினைவாக ஓர் இருக்கை உள்ளது. ஆண்டு முழுவதும் தெருவில் முறைக்கப்படுகிறவர்கள், சில நாள்களாவது அச்சமின்றி நடமாடும் ஊர் இது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மீது சிலருக்கு இருக்கும் கூச்சமும் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகின்றன.

பதில் 2: வடகடல்_வாசகன்

மேலே எழுதிய நண்பர் இசையைச் சரியாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் "ஏன் இந்த ஊர்" என்ற கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டார். கடிதத் தோழர்கள் எந்த மதுக்கூடத்திலும் கூடியிருக்கலாம். விட்பியில் கூடியதற்கு, டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரை விலக்கிவிட்டுக் காரணம் சொல்ல முடியாது என்பது என் கருத்து.

ஸ்டோக்கர் 1890 கோடையில் ராயல் கிரசன்ட் பகுதியில் ஒரு விடுதியில் தங்கினார். ருமேனியர் வாழும் வலேகியா, மால்டேவியா பகுதிகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் எழுதி 1820இல் வெளிவந்த நூலை இங்கிருந்த நூலகத்தில் படித்தபோதுதான் டிராகுலா என்ற பெயர் அவர் கண்ணில் பட்டது. நார்வாவிலிருந்து வந்த திமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் 1885 அக்டோபரில் டேட் ஹில் மணற்பரப்பில் தரைதட்டிய செய்தியும் அவருக்குக் கிடைத்தது. 1897இல் வெளிவந்த நாவலில் அக்கப்பல் டிமீட்டர் ஆனது. அதிலிருந்து பாய்ந்த கறுப்பு நாய் (டிராகுலாவேதான்) கிழக்குக் குன்றின் மேல் ஏறி மறைந்தது. குன்றின் மேல் செயின்ட் மேரி தேவாலயமும், அதற்கப்பால் கூரையிழந்து நிற்கும் மடாலயமும் இன்றும் அப்படியே நிற்பதால், நாவலைப் படித்தவருக்கு இங்கே வழிகாட்டி தேவையில்லை.

ஆனால் கறுப்பு நிறம் இவ்வூருக்கு ஸ்டோக்கரால் வந்ததன்று. விட்பி ஜெட் என்ற கறுப்பு அணிக்கல் உண்மையில் கல்லே அல்ல; ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகிய மரம். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா அரசி துக்க ஆடையும் ஜெட் அணிகளும் அணிந்ததால் நாடே அதைப் பின்பற்றியது. விட்பியின் பட்டறைகள் அந்தத் துக்கத்தால் செழித்தன. துக்கத்தை அழகுப்பொருளாக்கி விற்ற ஊருக்கு நூறாண்டு கழித்துக் கறுப்புடைக்காரர்கள் வந்து சேர்ந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை.

ஒரு குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். 2022 மே மாதம் மடாலய வளாகத்தில் 1,369 பேர் இரத்தக்காட்டேரி வேடத்தில் கூடி உலகச் சாதனை படைத்தார்கள். அது நாவலின் 125ஆம் ஆண்டை ஒட்டிய தனி நிகழ்ச்சி. கோத் விழா அல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறார்கள்.

பதில் 3: படித்துறை

நான் அந்தக் கடற்கரைப் பகுதியில்தான் வசிக்கிறேன். எனவே நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

இசை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும், தெருக்களுக்கு வேண்டாம். நீங்கள் சாதாரண மழைக்கோட்டில் வந்தாலும் ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வருகிறவர்களில் பெரும்பகுதியினர் இன்று இசைக்காக வருவதில்லை என்பதே உண்மை. விக்டோரியா காலத்து உடையணிந்த முதியவர்கள், நீராவி எந்திரக் காலக் கற்பனையை உடையாக்கிப் பித்தளைக் கண்ணாடி மாட்டிய ஸ்டீம்பங்க் ஆர்வலர்கள், ஹாலோவீன் முகமூடிக்காரர்கள் என எல்லோரும் கலந்திருப்பார்கள். பழைய கோத்துகளுக்கு இதில் வருத்தம் உண்டு. விடுதிக்காரர்களுக்கும் மீன்வறுவல் கடைக்காரர்களுக்கும் அந்த வருத்தம் சிறிதும் இல்லை. சுற்றுலாப் பருவம் முடிந்த பிறகு இத்தனை கூட்டம் வேறு எதற்கு வரும்?

படம் எடுப்பதில் கவனம் தேவை. நின்று காட்சி தருகிறவர்களை எடுக்கலாம். நடந்துபோகிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். செயின்ட் மேரி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கல்லறைகளின் மேல் ஏறிப் படமெடுப்பது உள்ளூர்க்காரர்களைப் புண்படுத்துகிறது. அங்கே புதைக்கப்பட்டவர்கள் இவ்வூர்க் குடும்பங்களின் முன்னோர். டிராகுலாவின் கல்லறை எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டுச் சலித்துப்போய், அப்படி ஒன்று இல்லை என்று அறிவிப்பே வைத்திருக்கிறார்கள்.

தேவாலயத்துக்கு 199 படிகள். மழை பெய்தால் கல் வழுக்கும், வடகடல் காற்றும் பலமாக வீசும். பிள்ளைக்குப் பிடிப்புள்ள காலணி அணிவியுங்கள். மிடில்ஸ்பரோவிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்கு வழியே வரும் ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுக்கும், நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு. யார்க், மால்டன், பிக்கரிங் வழியாக 840 பேருந்தும் மூர்நிலம் எனப்படும் புதர்வெளியைக் கடந்து வருகிறது. விழா நாள்களில் ஊருக்குள் தங்க இடம் கிடைப்பது அரிது. தோழியிடம் ஏற்கெனவே அறை இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

தேன்மொழி_லீட்ஸ்

மூவருக்கும் நன்றி. கால்பந்தாட்டச் செய்தியைக் கேட்டு மாமியார் சிரித்துவிட்டார். தானும் வருவதாகச் சொல்கிறார். ஜெட் மணி ஒன்று வாங்க விருப்பமாம். கடைகளில் போலியைக் கண்டறிய வழி உண்டா?

வடகடல்_வாசகன்

கண்ணாடியில் செய்த போலிகள் கனமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும்; ஜெட் மிக இலேசானது, கைக்குக் குளிராது. மெருகில்லாத பீங்கானில் தேய்த்தால் உண்மையான ஜெட் பழுப்புக் கோடு இடும். ஆனால் கடைக்காரரின் பொருளைத் தேய்த்துப் பார்க்க முடியாதல்லவா? ஆகவே சர்ச் தெருப் பக்கம், பட்டறையை உடன்வைத்துத் தாங்களே செதுக்கி விற்கும் கடைகளில் வாங்குங்கள்; விட்பி ஜெட் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய பொருள் கடைகளில் விக்டோரியா காலத்தது என்று விற்கப்படும் கறுப்பு அணிகளில் வல்கனைட் என்ற கெட்டிப்பட்ட ரப்பரும் உண்டு. அதுவும் இலேசாகவே இருக்கும் என்பதால் எடையை மட்டும் நம்ப வேண்டாம்.