புதுப்பிப்பு: வெள்ளவத்தை வாடகை வீடு

நான் மலையகத்து ஹட்டனைச் சேர்ந்த தமிழன் என்று அறிந்ததும் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டுக்காரர், அவரும் தமிழரே, பேசி முடித்த வாடகையிலிருந்து பின்வாங்கியதை முன்பு எழுதியிருந்தேன். பின்னர் அவர் தரகர் மூலம் ஓராண்டு முற்பணம் கேட்டார். மறுத்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மேல்மாடிக்குக் குடிவந்துவிட்டேன். (இங்கே ஊரை யாரும் விசாரிக்கவில்லை, தண்ணீர்க் கட்டணம் பற்றித்தான் நீண்ட விரிவுரை.)

நம்மவர் குறையை வெளியில் சொல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து வந்தோரின் வழிவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அவர்களைக் கைவிடலாகாது என்று வாதிட்ட தமிழ்த் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்; ஆகவே மலையகத் தமிழரை ஒதுக்குவது பற்றிய இந்த விவாதம் தமிழரான நமக்குள் அன்றே பகிரங்கமாகப் பேசப்பட்டதுதான். மூடிமறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தரகர் மட்டும் வாங்கிய பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.